குண்டு பட்ட அண்டா

இதை நான் சொன்னால் தப்பாகத்தான் சொல்வேன் தம்பி, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முன்னால் வரவேண்டியது பின்னால் வரும், பின்னால் வரவேண்டியதை முன்னாலேயே உளறிவிடுவேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். இந்தக் கதையை ஒழுங்காகச் சொல்லத் தெரிந்தவர் என் வீட்டுக்காரர் ஒருவர்தான். அவர் அதோ சுவரில் மாலையோடு இருக்கிறார். உட்காருங்கள். அந்த நாற்காலி வேண்டாம், அதற்கு ஒரு கால் சரியில்லை, விழுந்துவிடப் போகிறீர்கள். இதில் உட்காருங்கள்.

உங்கள் தங்கச்சி கல்யாணத்துக்குக் குண்டு பட்ட அண்டாதான் வேண்டும் என்று ஆம்பூரிலிருந்து வந்திருக்கிறீர்கள். சரி. "அதத்தான் பட்டாளத்து மியூசியத்துக்குக் குடுத்துட்டீங்களாமே, அப்போ இது எது?" என்று கேட்கிறீர்கள். அதுவும் சரி. நியாயமான கேள்விதான். குடியாத்தத்தில் யாரும் இதைக் கேட்பதில்லை, அவர்களே ஒரு பதில் வைத்திருக்கிறார்கள். நீங்கள் வெளியூர். அதனால்தான் சொல்லத் தயங்குகிறேன். ஆனாலும் உள்ளே வரும்போது வாசல் மாடத்தில் இருக்கிற சாமியைச் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டீர்கள் பாருங்கள், அதனால் சொல்கிறேன். அது என்ன சாமி என்று இப்போது கேட்காதீர்கள்.

அவர் பெயர் தணிகாசலம். ஹவில்தார் தணிகாசலம். ஊரில் பட்டாளத்தார் என்றால்தான் தெரியும். பட்டாளத்தில் அவர் லாரி ஓட்டினார். எல்லையில் பனிக்குள் கிடக்கிற சிப்பாய்களுக்கு அரிசி, பருப்பு, மண்ணெண்ணெய் கொண்டுபோய்ச் சேர்க்கிற வேலை. ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் பாதாளம், நடுவில் ஐஸ் மேல் லாரி. அதைச் சின்ன வேலை என்று நான் சொல்லவில்லை. எனக்கு இந்த ரோட்டைத் தாண்டவே யாராவது கையைப் பிடிக்கவேண்டும். ஆனால் குண்டு? அவர் இருந்த பக்கம் குண்டு வந்ததே இல்லை. "பூங்காவனம், நான் பார்த்த ஒரே குண்டு எங்க சமையக்காரன்தான்" என்று என்னிடம் அவரே சொல்லிச் சிரித்திருக்கிறார்.

அண்டாவுக்கு வருகிறேன். என் அப்பா சின்னக்கண்ணு, இங்கே பஜாரில் ஒரு பாத்திரக்கடையில் எடை போடுகிறவர். அந்தக் கடைக்கு எப்போதோ ஒரு ஜோடி பித்தளை அண்டா வந்தது. ஏதோ மடத்துக்காகச் சொல்லி வைத்துச் செய்தது, மடத்துக்காரர்கள் வாங்க வரவே இல்லை. உள்ளே ஆள் உட்கார்ந்தால் தலை வெளியே தெரியாது, அவ்வளவு பெரிது. யார் வாங்குவார்கள்? ஒன்றில் கயிறு போட்டு வைத்திருந்தார்கள். இன்னொன்றில் பூனை குட்டி போட்டது. எனக்குக் கல்யாணம் நிச்சயமானபோது முதலாளி, "சின்னக்கண்ணு, அதுல ஒண்ண உன் பொண்ணுக்கு எடுத்துக்கோ" என்றார். அப்பா பூனை குட்டி போட்டதை எடுத்துக்கொண்டார். குடும்பம் பெருகுமாம்.

சீர்ப் பாத்திரம் என்றால் பேர் வெட்டாமல் கொடுப்பார்களா? விளிம்பில் புள்ளிபுள்ளியாக வெட்டினார்கள். 'சின்னக்கண்ணு மகள் பூங்காவனம்.' மாப்பிள்ளை வீட்டுக்கு வண்டியில் கொண்டுபோனால் அண்டா வாசலில் நுழையவில்லை. என் மாமியார் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "பொண்ணு நுழைஞ்சிடுச்சு, சீரு நுழையலையே!" என்றார். தெருவே சிரித்தது. அப்பா தலை குனிந்து நின்றார். அதை என்னால் இன்றைக்கும் மறக்க முடியவில்லை. கடைசியில் சந்து வழியாகத் தோட்டத்துக்கு உருட்டிக்கொண்டுபோய்த் தண்ணீர் பிடித்து வைத்தோம்.

அந்த நசுங்கலைப் பார்க்கிறீர்களா? நடு வயிற்றில், உள்ளங்கை பதிகிற அளவுக்கு? அதற்குத்தான் வருகிறேன்.

அப்போது எனக்கு இரண்டு பிள்ளைகள். பெண் நடக்கிறாள், பையன் தயாளன் தவழ்கிறான். அவர் லீவில் வந்திருந்தார். இந்த முறை வந்தால் திரும்பிப் போகவேண்டாம், சர்வீஸ் முடிகிறது என்று நான் மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டிருந்தேன். தோட்டத்தில் அம்மியில் மிளகாய் அரைத்துக்கொண்டிருக்கிறேன். அவர் பல் விளக்கிக்கொண்டே வந்து, நாளைக்கு மழை வரும் என்கிற மாதிரி சொல்கிறார்: "இன்னும் கொஞ்ச வருஷம் நீட்டிச்சு எழுதிக் குடுத்துட்டேன் பூங்காவனம்."

நான் பயந்த சுபாவம் தம்பி. குக்கர் விசில் அடித்தால் இன்றைக்கும் திடுக்கிடுவேன். ஆனால் அப்போது கையில் குழவி இருந்தது. எறிந்துவிட்டேன். அவர் மேல் இல்லை! சுவரைப் பார்த்துத்தான் எறிந்தேன். சுவருக்கு முன்னால் அண்டா இருந்தது. அண்டாவுக்கு முன்னால் அவர் இருந்தார். அவர் குனிந்துகொண்டார், பட்டாளத்துப் பழக்கம். கோயில் மணி மாதிரி ஒரு சத்தம். பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள். அவர் நிமிர்ந்து, நசுங்கலைத் தடவிப் பார்த்து, "எல்லையில இதுகூட கிடையாதுடி" என்றார்.

அப்புறம் ஒருவழியாக வந்து சேர்ந்தார், ஒரு டிரங்குப் பெட்டியோடு. என்ன தொழில் செய்யலாம் என்று தோட்டத்தில் நடந்துகொண்டே யோசித்தார். எதிர் வீட்டில் காதுகுத்து. "அண்டா கிடைக்குமா பட்டாளத்தாரே?" என்று வந்தார்கள். கொடுத்தார். அடுத்த வாரம் இன்னொருவர். அப்படித்தான் இந்தக் கடை. நாற்காலி, சாமியானா, ஜெனரேட்டர் எல்லாம் பின்னால் வந்தது. முதலில் வந்தது என் அப்பா கொடுத்த அண்டா. இதை யாரும் சொல்வதில்லை. மேடை போட்டு மைக் வைத்தால் எல்லோரும் எல்லாவற்றையும் சொல்கிறார்கள், இதை மட்டும் சொல்வதில்லை.

கடையையும் பட்டாளமாகத்தான் நடத்தினார். கயிறு பிடித்துத்தான் நாற்காலி போடுவார். திரும்பி வந்த கரண்டிகளை வரிசையாக அடுக்கி, "ஜல்லிக் கரண்டி!" என்று கூப்பிடுவார். தயாளன், "ஆஜர்!" என்று கத்தவேண்டும். சாவு வீட்டுக்குச் சாமியானா போனால் வாடகை பேசமாட்டார், "அவங்களா கொடுத்தா வாங்கு" என்பார். கல்யாண வீட்டில் கடைசிப் பந்தியில் நின்று எல்லோருக்கும் அப்பளம் வந்ததா என்று பார்த்துவிட்டுத்தான் திரும்புவார். அவருக்கு என்ன வேலை அங்கே? வாடகைக்குப் பாத்திரம் கொடுத்தவர்தானே! கேட்டால், "என் லாரி போகாத அன்னைக்கு அங்க எத்தனை பேர் பட்டினின்னு உனக்குத் தெரியாது" என்பார். இடி இடித்தால் எனக்கு ஆகாது. எந்த ஊர்க் கல்யாணத்தில் இருந்தாலும், மழை கட்டினால் வண்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுவார். அப்படி ஒரு மனிதர்.

பொய் எப்படி ஆரம்பித்தது என்றுதானே கேட்கிறீர்கள்? ஒரு பெண் வீட்டுக்காரர்கள் அண்டாவைப் பார்த்துவிட்டு, "வேற வீட்டுப் பொண்ணு பேர் போட்ட அண்டாவுல எங்க பொண்ணு கல்யாணச் சோறா?" என்று முகத்தைச் சுளித்துவிட்டுப் போனார்கள். அவர் டிரங்குப் பெட்டியிலிருந்து பெயின்ட் டப்பாவை எடுத்து விளிம்பைச் சுற்றிப் பூசிவிட்டார். அது பட்டாளத்துப் பச்சை. அடுத்து வந்தவர் பச்சையைப் பார்த்துவிட்டு, "பட்டாளத்து அண்டாவா இது?" என்றார். வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். "ஆமா" என்றார். வந்தவர் நசுங்கலைப் பார்த்தார். "இது?" என்றார்.

"எதிரி போட்ட குண்டு."

அவ்வளவுதான். உள்ளே போய் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டேன். சிரிப்பா, கோபமா என்று எனக்கே தெரியவில்லை. எதிரி என்கிறாரே மனிதர்!

ஒரு வாத்தியார் மட்டும் கேட்டார், "குண்டு பட்டா ஓட்டைதானே விழணும், நசுங்குமா?" என்று. வீட்டுக்காரர் யோசிக்கவே இல்லை. "ரொம்ப தூரத்திலிருந்து வந்த குண்டு சார். களைச்சுப்போய் வந்தது" என்றார். வாத்தியார் தலையாட்டினார். அப்புறம் ஊரெல்லாம் பரவிவிட்டது. எதிரி குண்டையே தாங்கின அண்டா, இதில் சமைத்தால் பந்தியில் சோறு குறையாது என்று. கல்யாணத் தேதியை மாற்றி வைத்துக்கொண்டு காத்திருந்தவர்கள் உண்டு.

என் அப்பாவும் ஒரு கல்யாணத்தில் அந்த அண்டாச் சோற்றைச் சாப்பிட்டார். பக்கத்து இலைக்காரர் முழுக் கதையையும் சொல்லியிருக்கிறார், எல்லை, பனி, குண்டு எல்லாம். அப்பா கேட்டுக்கொண்டே சாப்பிட்டு, "நல்ல அண்டாங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து வந்தாராம். அதற்காக ஒரு வாரம் வீட்டுக்காரரோடு நான் பேசவில்லை. அவர் போய் அப்பாவிடம் என்ன சொன்னாரோ, இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே வந்தார்கள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

போன வருஷம் ஆடிக் கடைசியில், நாற்காலி அடுக்கிக்கொண்டே இருந்தவர், "பூங்காவனம், தண்ணி" என்றார். கொண்டு வருவதற்குள் முடிந்துவிட்டது. அதை விடுங்கள்.

பதினாறாம் நாள் படத்திறப்பு. முன்னாள் ராணுவத்தினர் சங்கச் செயலாளர் சம்பத், பட்டாளத்துப் பதவியைச் சேர்த்து நாயக் சம்பத் என்பார்கள், அவர்தான் எல்லாம் முன்னால் நின்று செய்தார். பெரிய ஃபிளெக்ஸ். அதில் வீட்டுக்காரர் சல்யூட் அடித்தபடி நிற்கிறார், பின்னால் அண்டா. சென்னையிலிருந்து ஒரு ரிட்டயர்டு கர்னல் ஐயா வந்தார், பட்டாளத்தில் வீட்டுக்காரருக்கு மேலதிகாரியாக இருந்தவர். பேசினவர்கள் எல்லோரும் அண்டாவைப் பற்றியே பேசினார்கள். கர்னல் ஐயாவுக்கு உண்மை தெரியுமே, இப்போது எழுந்து "இது என்ன கதை?" என்று கேட்டால்? என் மகன் தயாளன் முதல் வரிசையில் இருக்கிறான். அவனும் அந்தக் கதையை நம்புகிறவன்தான். கதையைக் கேட்டே வளர்ந்தவன். அவன் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கர்னல் ஐயா எழுந்தார். அண்டா பக்கத்தில் போனார். நசுங்கலில் கையை வைத்தார். கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். மைக்கில் சொன்னார்: "இந்த அண்டாவை எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. இதுல செஞ்ச கிச்சடிய நான் சாப்பிட்டிருக்கேன்."

ஒரு நிமிஷம், அப்பாதான் பட்டாளத்திலிருந்து வாங்கி வந்தாரோ என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. பூனை குட்டி போட்டது அப்புறம்தான் நினைவுக்கு வந்தது.

கைதட்டல் ஓயவில்லை. கர்னல் ஐயா, "எங்க ரெஜிமென்ட் மியூசியத்துல வைக்க வேண்டிய பொருள் இது" என்றார். என் மகன் ஓடிப்போய் மைக்கை வாங்கி, "அப்பா ஞாபகமா குடுத்துடறோம் ஐயா" என்றான். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அப்பனைப் போலத்தான், எழுதிக் கொடுத்துவிட்டு வந்து சொல்கிற புத்தி. சம்பத் என் பக்கம் குனிந்து, "கவலைப்படாதீங்க அண்ணி. அடுத்த வாரம் லாரி வருது. பழைய பெயின்டெல்லாம் சுரண்டிட்டு, புளி போட்டுத் தேய்ச்சு, தங்கமாட்டம் அனுப்பிடலாம்" என்றார்.

பெயின்டைச் சுரண்டினால் என்ன தெரியும்? 'சின்னக்கண்ணு மகள் பூங்காவனம்.'

நீங்களே சொல்லுங்கள். உண்மையைச் சொன்னால் செத்துப்போன மனிதர் பொய்யர் ஆகிறார், கர்னல் ஐயாவும் பொய்யர் ஆகிறார், என் மகன் அப்பன் படத்தை நிமிர்ந்து பார்க்கமாட்டான். சொல்லாவிட்டால் என் அப்பா கொடுத்த ஒரே பொருள் இந்தி பேசுகிற ஊருக்குப் போய்விடும். சுரண்டினாலோ இரண்டும் போய்விடும். மூன்று நாள் சோறு இறங்கவில்லை. என்னைப் போல ஒன்றும் தெரியாத, பயந்த பொம்பளை என்ன செய்வாள்?

பஜாருக்குப் போனேன். அப்பா வேலை செய்த அதே கடை. இப்போது முதலாளியின் பேரன். "பெரிய அண்டா ஒண்ணு கயிறு போட்டு வெச்சிருந்தீங்களே, இருக்குதா தம்பி?" என்றேன். "இன்னும் கயிறுதான்மா இருக்குது" என்றான். வீட்டில் இருந்த பித்தளைக் குடம், தவலை எல்லாம் போட்டு எடைக்கு எடை மாற்றினேன். தயாளன் பேரணாம்பட்டில் ஒரு கல்யாணத்துக்குப் போன அன்று மத்தியானம் கடைக்காரர்கள் கொண்டுவந்து தோட்டத்தில் இறக்கினார்கள். என் அண்டாவை உருட்டிக்கொண்டுபோய் சாமியானாத் துணிக்குள் மறைத்தேன். புது அண்டாவுக்கு அடியில் வரட்டி மூட்டிக் கரி ஏற்றினேன். டப்பாவில் மிச்சமிருந்த பச்சையைப் பூசினேன்.

நசுங்கல் வேண்டுமே? அம்மிப் பக்கம் பார்த்தேன். அதே குழவி.

எறிந்தேன். வழுக்கிக்கொண்டு போய்விட்டது. இன்னொரு தடவை எறிந்தேன். ஒரு கீறல் விழுந்தது. வயதாகிவிட்டதே என்று நினைத்தேன். அப்புறம்தான் புரிந்தது, கோபம் இல்லாமல் எறிந்தால் அண்டா நசுங்காது. அதனால் உட்கார்ந்து யோசித்தேன். சீரு நுழையலையே என்ற மாமியாரை நினைத்தேன். அது வந்தது, போதவில்லை. ஃபிளெக்ஸில் அப்பா பேர் இல்லாததை நினைத்தேன். அதுவும் வந்தது. அப்புறம் என் வீட்டுக்காரரை நினைத்தேன். அன்றைக்குப் பட்டாளத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டு வந்து சொன்னார். இந்தத் தடவை அதுகூட இல்லை. தண்ணி என்று கேட்டார், கொண்டு வருவதற்குள் போய்விட்டார். ஒரு வார்த்தை சொல்லாமல்.

எறிந்தேன் பாருங்கள். கோயில் மணி மாதிரி சத்தம். பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்தால் அவராலேயே கண்டுபிடிக்க முடியாது. யாரும் குனியவில்லை, அதுதான் வித்தியாசம்.

லாரி வந்தது. சம்பத் பெயின்டைச் சுரண்டினார், ஒன்றும் இல்லை, தங்கம் மாதிரி பளபளத்தது. சல்யூட் அடித்து ஏற்றினார்கள். நான் அழுதேன். எல்லோரும் வீட்டுக்காரரை நினைத்து அழுகிறேன் என்று நினைத்தார்கள். பயத்தில் அழுதேன் தம்பி, தயாளன் சாமியானாத் துணி மேல்தான் உட்கார்ந்திருந்தான்.

அடுத்த முகூர்த்தம் வந்ததும் அவன் புலம்ப ஆரம்பித்தான். "அண்டா இல்லன்னு ஆர்டரெல்லாம் போகுதும்மா." என்ன செய்வது? வெளியே எடுக்கவேண்டும். வெளியே எடுத்தால் இன்னொரு கர்னல் வந்து அதையும் தூக்கிக்கொண்டு போனால்? பேர் வெட்டுகிற ஜானகிராமனை வரவழைத்தேன். பச்சையைச் சுரண்டச் சொன்னேன். விளிம்பில் இருந்த பேர் சிறு எழுத்து, கிட்டப் போய்ப் பார்த்தால்தான் தெரியும். "வயித்துல வெட்டுங்க, நசுங்கலுக்கு மேலே, கை அகலத்துக்கு எழுத்து" என்றேன். என் பேர் போட்ட அண்டாவை இனிமேல் எந்த மியூசியம் கேட்கும்?

தயாளன் வந்து பார்த்தான். நின்றுவிட்டான். எழுத்து மேல் விரலை வைத்துக்கொண்டே போனான். "அம்மா... பட்டாளத்துல அச்சு அசலா இன்னொண்ணு செஞ்சு அனுப்பிட்டாங்களா? தாத்தா பேரக்கூட விசாரிச்சு வெட்டியிருக்காங்களேம்மா!" என்று கண் கலங்கினான். ஆமாம் என்று நான் சொல்லவில்லை. அடுப்பில் பால் இருந்தது, உள்ளே போய்விட்டேன். அன்று சாயங்காலத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. நிஜ அண்டா மியூசியத்தில், அதன் மாதிரி பூங்காவனத்தம்மா கடையில். இப்போது வருகிறவர்கள் எல்லோரும் "யாரும்மா இந்தச் சின்னக்கண்ணு?" என்று கேட்கிறார்கள். சொல்கிறேன். அலுக்காமல் சொல்கிறேன்.

அதோடு முடிந்தது என்றுதான் இருந்தேன். ஒரு நாள் சம்பத் வந்தார். காபி குடித்துக்கொண்டே நசுங்கலைத் தடவினார். குனிந்து பார்த்தார். "அண்ணி, இது குண்டு பட்ட மாதிரி இல்லையே. ஏதோ கல்லு பட்ட மாதிரி இல்ல இருக்குது?" என்றார். சொல்லிவிட்டு எழுந்து தோட்டத்துப் பக்கம் போனார், கை கழுவவாம். அங்கே அம்மி. அம்மி மேல் குழவி. ஓரத்தில் பித்தளை உரசின மஞ்சள் கோடு இன்னும் அழியாமல் இருக்கிறது. எனக்கு உயிரே இல்லை. நல்லவேளை, அவர் போன் அடித்தது, பேசிக்கொண்டே போய்விட்டார். ஆனால் திரும்ப வருவார். சந்தேகம் வந்த மனிதர் கட்டாயம் வருவார்.

அவர் தலை மறைந்ததும் குழவியைத் தூக்கிக்கொண்டு வந்தேன். தலைக்குக் குளிப்பாட்டுகிற மாதிரி கழுவினேன். மேலிருந்து கீழ்வரை மஞ்சள் பூசினேன். பித்தளைக் கோடு அதற்குள் மறைந்தது. பெரிதாகக் குங்குமம் வைத்தேன், ஒரு முழம் பூ சுற்றினேன். வாசல் மாடத்தில் நிற்க வைத்து விளக்கு ஏற்றிவிட்டேன். மறுநாள் சம்பத் வந்தார். நேராகத் தோட்டத்துக்குத்தான் போகப் பார்த்தார். மாடத்தைக் கண்டதும் செருப்பைக் கழற்றி, கன்னத்தில் போட்டுக்கொண்டு, திருநீறு எடுத்துப் பூசிக்கொண்டார். சாமியை யார் தம்பி தூக்கிப் பார்ப்பார்கள்?